ஒரு நூல் கம்மி

தையல்காரர் வீட்டு முன்னறைச் சுவரில் இருபது வருஷமாக ஒரு சைக்கிளின் எலும்புக்கூடு தொங்கிக்கொண்டிருந்தது. மலை ஏறுகிற ரகம், கனத்த இரும்பு. ஹேண்டில் இல்லை, சீட்டு இல்லை, பெடல் இல்லை. வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள், யாரோ வேட்டையாடிக் கொண்டுவந்து மாட்டிய மிருகம் என்று நினைத்து, "எங்க சுட்டது?" என்று மரியாதையாகக் கேட்பார்கள்.

"கொஞ்சங் கொஞ்சமா சுட்டது" என்று தையல்காரரைக் கையால் காட்டிவிட்டு, அவருடைய மனைவி உள்ளே போய்விடுவார்.

சொன்னதில் தப்பில்லை. சைக்கிள் மனைவியுடையது. அவர் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். ஊரில் எல்லோருக்கும் சர்வேயரம்மா; தையல்காரருக்கும் மனசுக்குள் அப்படித்தான். அந்தக் காலத்தில் அளவுச் சங்கிலியை முதுகில் கட்டிக்கொண்டு அந்த வண்டியிலேயே மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்குவார். ஜீப்பில் போகும் அதிகாரிகள் மலை உச்சிக்குப் போய்ச் சேரும்போது, சர்வேயரம்மா அளந்து முடித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்திருப்பாராம். ஒரு நாள் சைக்கிள் சங்கிலி அறுந்தது. "சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் குடுங்க" என்று புருஷனிடம் வண்டியை ஒப்படைத்தார். அதுதான் அவர் வாழ்க்கையில் போட்ட ஒரே தப்புக் கணக்கு.

தையல்காரர் வண்டியைக் கடைக்குக் கொண்டுபோனார். கடையில் கோட்டு மாட்ட ஒரு கம்பி தேவைப்பட்டது. மலை சைக்கிளின் ஹேண்டில் வளைவு நெளிவு இல்லாமல் கம்பி மாதிரியே இருந்தது. ஒரு வாரத்துக்குத்தானே என்று கழற்றி மாட்டினார். அடுத்து, துணி வெட்டும் மேஜையின் ஒரு கால் குட்டை. சீட்டைத் தாங்குகிற கம்பியை அறுத்து, நாலு விரல் நீளத் துண்டை அதற்கு அடியில் செருகினார். மேஜை மலை மாதிரி நின்றது. மிச்சக் கம்பி எங்கே போனது என்று அவருக்கே தெரியாது. வெயிலுக்குக் கட்டிய மறைப்பைச் சுருட்டப் பெடல் கட்டை உதவியது. கடை வளர வளர சைக்கிள் இளைத்தது. சர்வேயரம்மா கேட்கும்போதெல்லாம் "அடுத்த வாரம் மாட்டிடறேன்" என்பார். மாட்டினார், சுவரில்.

போன மாசம் சர்வேயரம்மாவுக்கு ஓய்வு கொடுத்துச் சுவர்க்கடிகாரம் ஒன்றையும் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாளே அவருடைய தங்கை வந்து இறங்கினாள். தங்கை பல் டாக்டர். அவள் சைக்கிள் புதுசு, அவளுடைய கைப்பையைவிட லேசு. அதற்குப் பூட்டுப் போடுவது திருடனுக்காக அல்ல, காற்றடித்தால் பறந்துவிடும் என்பதற்காக என்று சொல்வாள்.

"அக்கா, நாம முன்ன ஏறுவோமே ரேடியோ டவர் மலை, இந்த மாசக் கடைசி ஞாயிறு போறோம். உனக்கு ஒரு பேட்டரி சைக்கிள் பாத்து வெச்சிருக்கேன். உக்காந்தா போதும், அதுவே ஏறிடும்."

"அதுக்கு லிஃப்ட்ல ஏறலாமே. நான் என் வண்டியிலதான் வருவேன். உங்க மாமா சரி பண்ணித் தர்றேன்னு சொல்லியிருக்காரு."

"எப்ப சொன்னாரு?"

"இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு."

பல் டாக்டர் தையல்காரரின் பக்கம் திரும்பி, சொத்தைப் பல்லைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "என்ன மாமா, எங்கக்காவுக்கு வண்டி தைக்க அளவு எடுத்தாச்சா?"

தையல்காரர் சிரித்து மழுப்பப் பார்த்தார். சர்வேயரம்மா விடவில்லை. ஆனால் குரலையும் உயர்த்தவில்லை. "ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணி. வண்டி வாசல்ல நின்னா அதுல போறேன். நிக்கலைன்னா பேட்டரியில போறேன். திங்கக்கிழமை பழைய இரும்புக்காரர் வந்து செவுத்துல இருக்கறத எடுத்துட்டுப் போயிடுவாரு. அதோட இந்தப் பேச்சு முடிஞ்சுது. அப்புறம் நான் உங்களத் திட்டவே மாட்டேன்."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் தையல்காரர் சிரிப்பை நிறுத்தினார். இருபத்திரண்டு வருஷமாக ஒருத்தி திட்டுகிறாள் என்றால் இந்த ஆள் என்றைக்காவது செய்வார் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பிக்கை வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். திட்டை நிறுத்திவிட்டால்?

மறுநாள் காலையிலேயே கடைக்குப் போய் ஹேண்டிலைக் கழற்றினார். உடையவர்கள் மறந்துபோய் அதில் தொங்கிய ஏழு கோட்டுகளும் தரையில் விழுந்தன. மறைப்புத் துணியிலிருந்து பெடல் கட்டையைப் பிடுங்கினார். மேஜைக்காலுக்கு அடியிலிருந்து கம்பித் துண்டை உருவினார். மேஜை ஒரு பக்கமாகச் சாய்ந்து, கத்தரிக்கோல் தானாக நடந்து வந்து அவர் காலடியில் விழுந்தது. எல்லாவற்றையும் மூட்டை கட்டி, வீட்டுச் சுவரிலிருந்து இறக்கிய கூட்டையும் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனார்.

சைக்கிள் கடைக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "சீட்டு, சங்கிலி, டயர் எல்லாம் புதுசு போட்டுடலாம். ஆனா இந்த சைஸ் சீட்டுக் கம்பி இப்ப யாரும் செய்யறதில்ல மாஸ்டர். பெடல் அச்சு சுத்துற கப்பு ரெண்டும் துரு தின்னுடுச்சு. அதுவும் எங்கயும் கெடைக்காது. தனியா கடைஞ்சுதான் வாங்கணும். நம்ம 'நாளைக்கு' கிட்ட போங்க."

'நாளைக்கு' என்பது லேத்துப் பட்டறைக்காரரின் பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் அது. அப்படியே பெயராக ஒட்டிக்கொண்டது. கை என்னவோ தங்கமான கை. அவர் லேத்து ஓடும்போது எதிர்வீட்டுப் பெரியவரின் பல்செட்டு, கண்ணாடி டம்ளர் தண்ணீருக்குள் இருந்தபடியே பேசும். பெரியவரைவிடத் தெளிவாகப் பேசும் என்று அந்தத் தெருவில் அபிப்பிராயம்.

பட்டறை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடையில் விசாரித்தார்.

"நாளைக்கு இருக்காரா?"

"நாளைக்கு இன்னைக்கு இல்ல. நாளைக்கு வாங்க, நாளைக்கு இருப்பாரு."

தையல்காரர் இதை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் ஆள் இருந்தார். முதலில் கப்பு விஷயம்.

"ரெண்டு கப்பு வேணும்ணே. இடப்பக்கத்துக்குச் சாதா மரை. வலப்பக்கத்துக்கு எதிர் மரை."

"எதிர் மரைன்னா?"

"எல்லாத் திருகும் வலது பக்கம் திருகினா இறுகும்ல? இது இடது பக்கம் திருகினா இறுகணும்."

"அப்ப வலப்பக்கக் கப்பு இடது பக்கமாத் திருகணும். இடப்பக்கக் கப்பு வலது பக்கமாத் திருகணும்."

"அதேதான்."

'நாளைக்கு' கைத்துணியால் கையைத் துடைத்தார். "மாஸ்டர், நீங்க சட்டைக்கு வலது கையை இடது பக்கமா வெச்சுத் தைப்பீங்களா?"

"நான் சொல்லலண்ணே. வண்டியைச் செஞ்சவன் அப்படிச் செஞ்சிருக்கான்."

"அவன் வீட்டுல என்ன பிரச்சினையோ" என்று சொல்லிக்கொண்டே குறித்துக்கொண்டார். "நாளைக்கு வாங்க."

நாளைக்குப் போனபோது இரண்டு கப்புமே சாதா மரை. அதற்கு மறுநாள் போனபோது இரண்டுமே எதிர் மரை. ஒன்று மட்டும் எதிர் என்பதை அவர் கை ஒப்புக்கொள்ள இன்னும் மூன்று 'நாளைக்கு' ஆயிற்று. நியாயமாகப் பார்த்தால் முதல் தடவை செய்ததில் ஒன்றையும் இரண்டாம் தடவை செய்ததில் ஒன்றையும் எடுத்திருந்தால் ஜோடி சேர்ந்திருக்கும். இது தையல்காரருக்குத் தோன்றியது இரண்டாம் தடவை வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போதுதான். ஓடி வந்து கேட்டார்.

"உருக்கி ஆணி பண்ணிட்டேனே" என்றார் 'நாளைக்கு'.



இதற்கிடையில் வண்டியின் கூடு பெயின்டரிடமிருந்து வந்தது. அழகான நீலம். ஆனால் பெயின்டர் தாராள மனசுக்காரர். வெளியே அடித்ததோடு நிற்காமல், சீட்டுக் கம்பி இறங்குகிற குழாய்க்கு உள்ளேயும் ஒரு கை பூசியிருந்தார். பழைய கம்பித் துண்டை விட்டுப் பார்த்தார் தையல்காரர். கிறீச்சிட்டது. தட்டித் தட்டித்தான் இறங்கியது, பிடித்து இழுத்தால்தான் வந்தது. ரொம்ப லேசாக, மயிரிழை அளவு குறைத்தால் போதும்.

வியாழக்கிழமை துண்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். "இது மாதிரி. இதே கனத்துல ஒரு முழம் கம்பி. ஆனா மாதிரியை விட ஒரு நூல் கம்மியா கடைஞ்சுடுங்க."

"ஒரு நூலா?"

"ஒரு நூல்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கடைஞ்சது கடைஞ்சதுதான், இரும்பைத் திருப்பி ஒட்ட முடியாது. ஒரு நூல்?"

"அண்ணே, முப்பத்தஞ்சு வருஷமா நூலாலதான் சாப்பிடறேன். எனக்குத் தெரியாத நூலா?"

"அதுவும் சரிதான்" என்றார் 'நாளைக்கு'. "நாளைக்கு வாங்க."

சனிக்கிழமை மதியம் கம்பி கையில் கிடைத்தது. பளபளவென்று முகம் பார்க்கலாம் போல இருந்தது. தையல்காரர் அதைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து குழாய்க்குள் விட்டார். எந்தத் தடையும் சொல்லாமல் இறங்கியது. கை எடுத்ததும் டம்ளரில் போட்ட கரண்டி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து 'டங்' என்றது. ஆட்டினார். டங், டங், டங்.

உள்ளே இருந்து சர்வேயரம்மா கேட்டார். "என்னங்க அது, மணி அடிக்குது?"

"ஒண்ணுமில்ல, டெஸ்டிங்."

கம்பியைக் கையில் பிடித்தபடி பட்டறைக்கு ஓடினார். 'நாளைக்கு' கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்ணி வெச்சிருக்கீங்க? உள்ள விட்டா ஊஞ்சல் ஆடுது!"

"ஒரு நூல் கொறைக்கச் சொன்னீங்க. கொறைச்சேன்."

"இதா ஒரு நூல்?"

'நாளைக்கு' சட்டைப் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்தார். "இது ஒரு இஞ்ச். இதுல கோடு எத்தனை? எட்டு. ஒரு கோடு ஒரு நூல். எட்டு நூல் ஒரு இஞ்ச். எங்கப்பா காலத்துலேர்ந்து பட்டறையில நூல்னா அதுதான்."

தையல்காரர் காலர் மடிப்பில் குத்தியிருந்த ஊசியை உருவி, அதில் தொங்கிய இழையை அவர் மூக்குக்கு நேரே பிடித்தார். "இது என்னன்னு சொல்லுங்க."

"நூல்."

"இந்தக் கனத்துக்குத்தான் கொறைக்கச் சொன்னேன்!"

"அப்ப அதைக் கையில கொண்டுவந்து காட்டியிருக்கணும்." அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "ரெண்டு தடவை கேட்டேன். எனக்குத் தெரியாத நூலான்னீங்க."

ஒருவர் கையில் ஸ்கேல், ஒருவர் கையில் ஊசி. இரண்டு பேரும் சொன்னது சரி, அதுதான் ஆத்திரமே. தப்புச் செய்தவன் ஒருவன் இருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருக்கலாம்.

"வேற கம்பி கடைய முடியாதா?"

"இரும்பு திங்கக்கிழமைதான் வரும்."

திங்கட்கிழமை பழைய இரும்புக்காரர்தான் வருவார். தையல்காரர் பட்டறைப் படியில் உட்கார்ந்துவிட்டார். "அவ பேட்டரியில ஏறிப் போயிடுவா. திரும்பி வந்து நல்லா இருந்துச்சும்பா. அப்புறம் ஒரு வார்த்தை திட்ட மாட்டா."

"அது நல்லதுதானே?" என்றார் 'நாளைக்கு'. அவருக்கு மனைவி இல்லை.

தையல்காரர் கையிலிருந்த இழையைக் கம்பியின் மேல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தார். விரல்கள் கவலைப்படும்போது எதையாவது சுற்றும், தொழில் பழக்கம். ஒரு சுற்று, இரண்டு சுற்று, பத்து சுற்று. சட்டென்று நிறுத்தினார்.

"அண்ணே, இந்த லேத்து மெதுவா சுத்துமா?"

"அதுக்கு வேகமா சுத்தத்தான் தெரியாது."

"கதவைத் திறங்க. நான் கடைக்குப் போயிட்டு வந்துடறேன்."

பட்டறை மறுபடி திறந்தது. தையல்காரர் கடையிலிருந்து ஜீன்ஸ் தைக்கிற தடித்த நூலில் ஒரு பெரிய கூம்பும், ஒரு டப்பா பசையும் கொண்டுவந்தார். நிறம்தான் கிளிப்பச்சை, பேண்டு வாத்தியக் கோஷ்டி ஒன்றுக்காக வாங்கி, அவர்களே வேண்டாம் என்று சொன்ன நிறம். 'நாளைக்கு' கம்பியை லேத்தில் பூட்டி மெல்லச் சுழல விட்டார். தையல்காரர் நூலைப் பசையில் தோய்த்து, விரல்களுக்கு நடுவில் பிடித்து, இழை இழையாக, இடைவெளி விடாமல், ஒன்றை ஒன்று மிதிக்காமல் ஓட்டினார். ஒரு சாண் நீளத்துக்கு ஓடி, திரும்பி, மேலே இன்னொரு அடுக்கு.

எதிர்வீட்டுப் பல்செட்டுகூட அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தது.

"மூணாவது அடுக்கு" என்றார் 'நாளைக்கு'. கொஞ்ச நேரம் கழித்து, "மாஸ்டர், இப்படி இழுத்துப் பிடிச்சா இரும்பே இளைச்சுடும்."

"பேசாதீங்கண்ணே, நூல் தளர்ந்துடும்."

எட்டாவது அடுக்கில் அளந்தார்கள். ஸ்கேலில் ஒரு கோடு. பட்டறை நூல் ஒன்றை நிரப்பத் தையல் நூல் எட்டு அடுக்கு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பசை காய்வதற்குள் குழாய்க்குள் இறக்கிவிட வேண்டும். காய்ந்த பிறகு கம்பி ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. சீட்டு எந்த உயரத்தில் நிற்கிறதோ ஆயுசுக்கும் அதுதான். வண்டியைப் பட்டறைக்கே தள்ளிக்கொண்டு வந்தார். சட்டைக் கைக்குள் கை நுழைகிற மாதிரி, கொஞ்சம் முரண்டு பிடித்து, நுழைந்தது.

"ஒசரம்?" என்றார் 'நாளைக்கு'.

"அவ உள்கால் அளவு இருபத்தொம்பது இஞ்ச்."

"அளந்தீங்களா?"

"முப்பது வருஷமா அவளுக்குத் தைக்கிறேன். அளக்க வேற வேணுமா?"

'நாளைக்கு' எடுத்த ஸ்கேலைத் திரும்பப் பையில் போட்டார். போல்ட்டை இறுக்கினார்.

"எப்பண்ணே காயும்?"

"நாளைக்கு."

அந்த வார்த்தை உண்மையாக இருக்க வேண்டும் என்று தையல்காரர் ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நீல வண்டி வாசலில் நின்றது. பல் டாக்டர் தன் லேசான வண்டியை ஒரு விரலில் தூக்கிக்கொண்டு வந்தாள். கூடவே, சந்தேகத்துக்கு, பேட்டரி சைக்கிளையும் உருட்டிக்கொண்டு.

சர்வேயரம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தொலைநோக்கியில் கோடு பார்க்கிற மாதிரி, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை பார்த்தார். சீட்டுக்கு அடியில் அரை விரல் பச்சை எட்டிப் பார்த்தது.

"அது என்ன பச்சை?"

"டிசைன்."

சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். மணி அடிக்கவில்லை. தையல்காரரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். "நேத்து மத்தியானம் டங் டங்னு கேட்டுச்சே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லயே?"

"சேச்சே."

ஏறி உட்கார்ந்தார். போய்விட்டார். தெருமுனை வரை நூல் பிடித்தாற்போல நேராகப் போவதைத் தையல்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். பேட்டரி சைக்கிள் வாசலில் அம்போவென்று நின்றது.

அப்புறம் ஆரம்பித்தது அவஸ்தை. ஊசியில் நூல் கோர்க்க உட்கார்ந்தார். ஒன்பது மணி வரை அதே ஊசி. பசை டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் 'முழுதாகக் காய இருபத்துநாலு மணி நேரம்' என்று போட்டிருந்தது. நேற்று ராத்திரி ஏழு மணியிலிருந்து விரல் விட்டு எண்ணினார். எந்த விரலில் ஆரம்பித்தாலும் பதினாலில்தான் முடிந்தது. பாதி மலையில் கம்பி வழுக்கி, சீட்டு கீழே போய், சர்வேயரம்மா மேலே போய்... மேலே யோசிக்கவில்லை. முன்னறைச் சுவரில் சைக்கிள் தொங்கிய இடத்தில் மட்டும் வெள்ளையடித்த நிறம் புதுசாக இருந்தது. அதையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

பத்தரை மணிக்கு வாசலில் டயர் சத்தம்.

முதலில் வந்தது பல் டாக்டர். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "மாமா, உங்க பொண்டாட்டி மனுஷியே இல்ல. மேல போய் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கா. அதுக்கப்புறந்தான் நான் போய்ச் சேர்ந்தேன்."

பின்னாலேயே நீல வண்டி. சர்வேயரம்மாவின் முகம் சிவந்திருந்தது, முழங்காலில் மண், தலைமுடி நாலா பக்கமும். இறங்கி, வண்டியைச் சுவரில் சாய்த்து, சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தார்.

"மலை ஒசந்திருக்கு" என்றார். "நான் அளந்தப்ப இவ்வளவு இல்ல. இப்ப யாரும் சரியா அளக்கறதில்ல."

"வண்டி?" தையல்காரரின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"வண்டி நல்லாத்தான் இருக்கு." சீட்டின் மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். புருவம் சுருங்கியது. "ஆனா சீட்டு ஒரு நூல் ஒசரம்."

தையல்காரர் சீட்டைப் பார்த்தார். "எந்த நூல்?"

"எந்த நூல்னா?"

"இல்ல... பட்டறை நூலா, தையல் நூலா?"

சர்வேயரம்மா அவரையே பார்த்தார். பிறகு குனிந்து, சீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்த கிளிப்பச்சையை நகத்தால் சுரண்டினார். ஒரு இழை நுனி எழுந்து நின்றது. டங் டங் சத்தமும், டிசைனும், நேற்று சாயங்காலம் முழுக்க ஆளைக் காணாததும், எல்லாம் அவர் முகத்தில் ஒன்றொன்றாக ஜோடி சேர்வதைத் தையல்காரர் பார்த்தார்.

"என் வண்டியை நூல் போட்டுத் தெச்சு வெச்சிருக்கீங்களா?"

"எட்டு அடுக்கு."

"எறக்க முடியுமா?"

"முடியாது."

பல் டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சர்வேயரம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மூச்சை நன்றாக இழுத்து, ஆரம்பித்தார். சங்கிலி அறுந்த நாளில் ஆரம்பித்தார். ஹேண்டில், மேஜைக்கால், மறைப்புத் துணி, ஏழு கோட்டு, அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஒன்றையும் விடாமல், வருஷ வாரியாக, அளந்து அளந்து திட்டினார். பதினோராவது வருஷத்துக்கு வந்தபோது தையல்காரர் உள்ளே போய் இன்னொரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்துவிட்டுப் பன்னிரண்டாவது வருஷத்தைத் தொடங்கினார்.

தையல்காரர் படியில் உட்கார்ந்து, ஊசியை எடுத்தார். நூல் முதல் தடவையிலேயே நுழைந்தது.

"நான் பேசறது காதுல விழுதா? அந்த சீட்டு மெத்தையை ஒரு நூல் கொறைக்கணும். எப்ப செஞ்சு தருவீங்க?"

தையல்காரர் நிமிராமலே சொன்னார்.

"நாளைக்கு."